மல்லர் பெற்ற புகழ்

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன், 'மாமல்லன்' என்னும் சிறப்புப்பெயர் பூண்டான். மற்போரில் பெருவீரன் என்பது அதன் பொருள். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரால் விளங்குகின்றது. வேந்தனுக்குக் கிட்டிய இத்தகைய சிறப்பு, எளிய குடியிற்பிறந்த மல்லர் ஒருவருக்கும் நம் காலத்தில் வாய்த்தது.

அவர் கசாபா தாதாசாகேப் ஜாதவ். மராட்டிய நாட்டிலுள்ள கோலேசுவர் என்னும் சிற்றூரில் 1926-ஆம் ஆண்டு பிறந்தார். மண்களத்தில் மற்போர் பயின்ற அவர், 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் மெத்தை விரிப்பின்மேல் பொருது ஆறாம் இடமே பெற்றார், ஆயினும் தளர்ந்தாரல்லர். 1952-இல் எல்சிங்கி நகருக்குச் செல்லப் பொருளின்றி வருந்தியபோது, ஊரார் தம்மால் இயன்றதை ஈந்தனர். கல்லூரித் தலைவர் தம் வீட்டையே அடகு வைத்து உதவினார். ஜாதவ் வெண்கலப் பதக்கத்துடன் மீண்டார். விடுதலை பெற்ற இந்தியாவின் தனிவீரர் ஒருவர் ஒலிம்பிக்கில் வென்ற முதற் பதக்கம் அதுவே. மாட்டுவண்டிகள் அணிவகுக்க, மக்கள் அவரை வரவேற்று மகிழ்ந்தனர்.

1984-இல் ஜாதவ் மறைந்தார். அருச்சுனா விருது அதன் பின்னரே வழங்கப்பெற்றது. தில்லி மற்போர் அரங்கம் 2010-இல் அவர் பெயர் பெற்றது. மாமல்லன் வாழ்நாளிலேயே எய்திய சிறப்பை ஜாதவ் மறைந்த பின்னரே எய்தினார். வல்லாரை அவர் வாழுங்காலத்தே போற்றுதல் நாட்டின் கடனாகும்.