மாப்பிள்ளையிடம் இரத்தப் பரிசோதனை கேட்கலாமா?

கேள்வி: என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறோம். மாப்பிள்ளை எங்கள் ஊரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் லோரி ஓட்டுகிறார். நல்ல பையன். ஆனால் என் தம்பி, "லோரிக்காரன்க்கா, எய்ட்ஸ் டெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்று நச்சரிக்கிறான். கேட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? இங்குள்ள கிளினிக்கில் எடுத்தால் மறுநாளே லயம் முழுக்கத் தெரிந்துவிடும். கிருமி இருக்கிறதென்று வந்துவிட்டால் கல்யாணத்தை நிறுத்துவதுதானே முறை?
- ஒரு தாய், கம்போங் ராஜா

பதில்: கேளுங்கள் அம்மா. ஆனால் மாப்பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். "பிள்ளைகள் ரெண்டு பேரும் ஒண்ணா போய்ப் பார்த்துட்டு வரட்டுமே" என்று சொல்லிப் பாருங்கள், கோபப்படுகிறவர்கள் குறைவு. முஸ்லிம்களுக்கு இந்தப் பரிசோதனை ஜொகூரில் 2001-லும், நாடு முழுவதும் 2009-லும் கட்டாயமாகிவிட்டது. அவர்கள் வீடுகளில் இது கல்யாணப் பாரம் நிரப்புவதைப் போல ஒரு வேலை, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அவரவர் விருப்பம். அதனாலேயே நம்மிடையே வாய் திறந்து கேட்பவர் சந்தேகக்காரராகிவிடுகிறார். கட்டாயமாக்கினால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பயந்தவர்கள் இன்னும் ஒளிவார்கள்.

உங்கள் தம்பி, லோரிக்காரரையும் எய்ட்ஸையும் முடிச்சுப் போட்ட பழைய தமிழ்ப் படங்களையும் பிரசாரங்களையும் பார்த்து வளர்ந்தவர் போலிருக்கிறது. எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி. மலேசியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1986-இல். அதன்பின் இங்கே அதைப் பெரும்பாலும் பரப்பியது ஊசிவழிப் போதை: ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். 2002-இல் மட்டும் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாகக் கிருமி இருப்பது தெரியவந்தது. 2005-இல் அரசாங்கம் போதைப் பழக்கத்துக்கு மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. மறு ஆண்டு பழைய ஊசிக்குப் புது ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தது. போதைப்பித்தருக்கு அரசாங்கமே ஊசி கொடுப்பதா என்று எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. ஆனால் ஊசிவழித் தொற்று மளமளவென்று குறைந்தது. இப்போது புதிதாகத் தெரியவருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உடலுறவு வழியாகப் பெற்றவர்கள். பெரும்பாலோர் 20 முதல் 39 வயதுக்குள் உள்ள ஆண்கள். அவர்களில் கணினி முன் உட்கார்ந்திருப்பவரும் உண்டு, கல்லூரி மாணவரும் உண்டு. ஆணுறை இல்லாத உறவும் பகிர்ந்த ஊசியும்தான் கிருமிக்கு முக்கிய வழி. என்ன வேலை பார்க்கிறார் என்பது அல்ல. டீ கிளாஸ், கழிவறை, கொசு எதிலும் வராது.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுதான் முக்கியம். கிருமி உடலில் நுழைந்த மறுநாளே பரிசோதனையில் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் செய்யும் புதிய பரிசோதனைகள் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் காட்டிவிடும்; விரல்நுனி இரத்தத்தில் பார்க்கும் உடனடிப் பரிசோதனைக்கு மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும். ஆகவே 'இல்லை' என்று வரும் தாள் சில வாரங்களுக்கு முந்தைய நிலையைத்தான் சொல்கிறது. நேற்று நடந்ததை அது சொல்லாது, நாளைக்கு உத்தரவாதமும் தராது. கல்யாணத்துக்கு முன் தாள் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்த குடும்பத்தில், கல்யாணமான பிறகு கணவனிடமிருந்து தொற்றிய பெண்களும் உண்டு. சந்தேகம் வரும்போதெல்லாம் கூசாமல் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தத் தாளைவிட இது அவளுக்கு அதிகம் உதவும்.

லயத்தில் தெரிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. பரிசோதனை முடிவை வெளியே சொல்லக்கூடாது என்பது மருத்துவ ஊழியர் எல்லாருக்கும் உள்ள கடமை. ஆனாலும் சின்ன ஊர். தயக்கம் இருந்தால் சிம்பாங் பூலாய் சாலையில் ஈப்போவுக்கு இறங்கிவிடுங்கள். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. அரசாங்க கிளினிக்கில் மலேசியர்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கருவிகளும் இருக்கின்றன. அதில் 'உண்டு' என்று காட்டினால் கிளினிக்கில் உறுதிசெய்தே ஆகவேண்டும். உறுதியானால், 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிப்பார். அது இலாகாவோடு நிற்கும். சம்பந்தி வீட்டுக்குக் கடிதம் போகாது.

கடைசியாக, கல்யாணத்தை நிறுத்துவது. அந்த முடிவு உங்களுடையதல்ல, உங்கள் மகளுடையது. அவள் முடிவெடுக்கும்முன் ஒரு மருத்துவரிடம் பேசட்டும். எச்.ஐ.வி.க்குத் தினமும் மாத்திரை சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது மற்றவருக்குப் பரவுவதில்லை. ஐரோப்பாவில் 14 நாடுகளில் 888 தம்பதிகளை, அதாவது ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாதவர்களை, தொடர்ந்து கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் ஏறத்தாழ 58,000 முறை உறவு. துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. 2016-இல் வெளிவந்த முடிவு இது. இங்கே மலேசியர்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் இந்த மருந்து கிடைக்கிறது. குழந்தையைப் பற்றிய பயமும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அரசாங்க கிளினிக்குகளில் எச்.ஐ.வி. பார்ப்பது 1998-இலேயே தொடங்கியது. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்ததாக 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான்.

கிளினிக்கில் "இரத்தம் பார்க்கணும்" என்று பொதுவாகச் சொன்னால் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்து அனுப்பிவிடலாம். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்கட்டும். தை மாதக் கல்யாணம் என்றால் ஐப்பசியிலேயே போய்விடுவது நல்லது. மறுபடி ஒருமுறை பார்க்கச் சொன்னாலும், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்குள் பார்த்துவிடலாம்.