சூலூரில் இருந்தே சினிமா படிக்க: முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடித்த பிள்ளை சினிமா படிக்கிறேன் என்றதும், "அதுக்கு மெட்ராஸ் போகணுமுங்களே?" என்கிறார்கள் வீட்டில். போக வேண்டியதில்லை, சினிமா நம் பக்கத்திலேயே வளர்ந்ததுதான். சூலூரில் இருந்து திருச்சி ரோட்டில் கோவைக்குப் போகிற வழியில் இருக்கும் சிங்காநல்லூரில்தான் சென்ட்ரல் ஸ்டுடியோ இயங்கியது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அங்கே எடுக்கப்பட்டது. நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரியிலேயே தாராளமாகத் தொடங்கலாம்.

படி 1: எதைப் படிக்கப் போகிறீர்கள்?

இந்தக் கல்லூரிகளில் சினிமாவுக்கு நெருக்கமான படிப்பு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), மூன்று ஆண்டு. ஓவியம், புகைப்படம், விளம்பரம், வானொலி எல்லாம் சேர்ந்தே வரும். படம் எடுப்பது அதில் ஒரு பங்குதான். ஓவிய வகுப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். சூலூரை அடுத்த காசிகவுண்டன்புதூரில் பிறந்த நடிகர் சிவகுமார், நடிக்க வருமுன் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஷாட்டை வரைந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு, படப்பிடிப்பில் பாதி நேரம் மிச்சம்.

படி 2: சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள்

கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை பேருக்கு ஒரு கேமரா? சனி, ஞாயிறு வெளியே எடுத்துப்போக விடுவார்களா? ஒலிப்பதிவுக் கருவி உண்டா? மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கல்லூரி பாருங்கள்.

சின்ன வகுப்பு என்றால் நல்லது. ஒருவரே எழுதி, விளக்குப் பிடித்து, எடிட்டிங்கிலும் உட்கார வேண்டியிருக்கும். தனக்கு எது வரும் என்பது அப்போதுதான் தெரியும்.

படி 3: முதல் படத்தைத் தறிக்குடோனில் எடுங்கள்

கதையைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். சூலூர், சோமனூர் பக்கம் தெருவுக்குத் தெரு விசைத்தறி. தறி ஓட்டும் ஓர் அண்ணனின் ஒரு நாள் போதும். ஐந்து நிமிடப் படம், ஐந்து பக்கத் திரைக்கதை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை 1/50-இல் வையுங்கள். படத்தில் பட்டை பட்டையாக ஒளி ஓடாது.

பெரிய சவால் ஒலி. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. மைக் மட்டும் என்ன செய்யும்? மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று தறிகள் நிற்கும். அண்ணனை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். ஆளில்லாத குடோனின் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் பேச்சுக்கு இடையே வெட்டிய இடங்களை அதுதான் நிரப்பும். தறி ஓடும் சத்தத்தை இன்னொரு நாள் தனியாக எடுங்கள், அருகில் ஒன்று, தெருமுனையில் இருந்து ஒன்று. புதியவர்களின் படம் பெரும்பாலும் ஒலியில்தான் தோற்கிறது. அதனால் லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள்.

படி 4: ட்ரோன் வேண்டாம்

சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. சுற்றுப்பகுதி தடை வட்டாரம். மத்திய அரசு அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடுவது குற்றம். தளத்தின் பக்கம் கேமராவையும் திருப்பாதீர்கள்.

படி 5: பட்டம் வாங்கிய பிறகு

புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகளின் முதுநிலைப் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பெரும்பாலான பிரிவுகளுக்கு விஸ்காம் பட்டமும் போதும். பிளஸ் டூ முடித்ததுமே முழுக்க சினிமாதான் என்றால், தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலான அரசு நிறுவனத்தில் நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது.

படி 6: ஊரில் காட்டுங்கள்

ரயில்வே வேலையை விட்ட சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டியவரும் அவரே. நீங்கள் எடுத்த படத்தை யூடியூபில் ஏற்றுவதற்கு முன், அதே தறிக்குடோன் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அந்த அண்ணனின் வீட்டாரை முன்வரிசையில் உட்கார வைத்துக் காட்டுங்கள்.