இறுதிச் சுற்று: பெரியவர் முன்னால் பேசும் பயிற்சி



"ஃபைனல் ரவுண்டுக்கு இன்னும் எத்தனை கேஸ் போட்டுப் பார்க்கணும் அண்ணே?"

மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களின் முதல் சுற்றில் தேறிவிட்டு என்னிடம் வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். முப்பது போட்டாச்சு, நாற்பது போட்டாச்சு என்று கணக்கும் சொல்வார்கள். நான் கோலாலம்பூரில் இந்தத் தொழிலில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வியும் கேட்டிருக்கிறேன். முப்பது கேஸ் ஒழுங்காகப் போட்டவருக்கு முப்பத்தொன்றாவது பெரிதாக எதையும் கற்றுக்கொடுக்காது. இறுதிச் சுற்றில் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

துறைக்குப் புதியவர்களுக்கு முதலில் நாலு வரி. ஒரு வங்கியோ விமான நிறுவனமோ அரசாங்க அமைப்போ தன்னால் தீர்க்க முடியாத சிக்கலுக்கு வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டு யோசனை கேட்கிறது. அந்த யோசனையைச் சொல்வதுதான் தொழில். 1926-இல் சிகாகோவில் தொடங்கிய மெக்கின்சி, 1963-இல் வந்த பி.சி.ஜி., 1973-இல் வந்த பெய்ன் ஆகிய மூன்றும் இத்துறையில் பெரிய பெயர்கள். மூன்றுக்கும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அலுவலகம் உண்டு. நேர்முகத் தேர்வில் ஒரு நிறுவனத்தின் சிக்கலை வாய்மொழியாகச் சொல்லி, "எப்படித் தீர்ப்பீர்கள்?" என்று கேட்பார்கள். அதற்குப் பெயர் கேஸ். கூடவே உங்களைப் பற்றிய கேள்விகளும் வரும்.

முதல் சுற்றில் உங்களைவிட நாலைந்து வயது மூத்தவர்கள்தான் பெரும்பாலும் கேள்வி கேட்பார்கள். உங்கள் கணக்கு சரியா, சிக்கலைப் பிரிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இறுதிச் சுற்றில் எதிரே உட்காருபவர் பார்ட்னர். இரண்டு மூன்று பார்ட்னர்கள், ஒவ்வொருவரிடமும் முக்கால் மணியோ ஒரு மணியோ. அவர்கள் கையில் அச்சடித்த கேஸ் இருக்காது பலநேரம். போன மாதம் தாங்கள் பார்த்த வேலையிலிருந்து ஒன்றை எடுத்து, தேநீர்க் கடையில் பேசுவது போலப் பேசுவார்கள். கணக்கு உங்களுக்கு வரும் என்று முதல் சுற்றிலேயே தெரிந்துகொண்டாகிவிட்டது. பார்ட்னர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி. "அடுத்த வாரம் இந்தப் பிள்ளையை என் கிளையண்ட் முன்னால் உட்கார வைக்கலாமா?"

அந்தக் கிளையண்ட் யார்? முப்பது வருடம் ஒரே தொழிலில் ஊறியவர். "நீ சொல்றது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடியவர். அப்போது இருபத்து மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று பார்க்கத்தான் பார்ட்னர் வேண்டுமென்றே எதிர்த்துப் பேசுவார். இங்கேதான் நம் வளர்ப்பு குறுக்கே வருகிறது. பெரியவங்க பேசும்போது வாயைத் திறக்காதே, எதிர்த்துப் பேசாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நல்ல வளர்ப்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் நீங்கள் மௌனமாகத் தலையாட்டினால், அதை யாரும் மரியாதை என்று படிக்க மாட்டார்கள். இவருக்குச் சொந்தக் கருத்து இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

ஒரு கடைக் கணக்கு

வெறும் அறிவுரையாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு கேஸையே போட்டுப் பார்ப்போம். காகிதம் பேனா எடுங்க. கால்குலேட்டர் வேண்டாம், அங்கேயும் தர மாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் திறந்திருக்கும். போன வருடம் நாளுக்கு 200 பேர், தலைக்குச் சராசரி 15 ரிங்கிட், மாத லாபம் 12,000. இந்த வருடம் லாபம் 4,000 ரிங்கிட்தான். "வியாபாரம் படுத்துப் போச்சு, விளம்பரம் செய்யணும்" என்கிறார் முதலாளி. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அவசரக்காரர்கள் உடனே விளம்பரத்துக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் முதலில் இப்போதைய எண்களைக் கேளுங்கள். கேட்டால் கிடைக்கும். இந்த வருடம் நாளுக்கு 220 பேர், சராசரி 14 ரிங்கிட். போன வருட வரவு 200 × 15 × 26, அதாவது 78,000. இந்த வருடம் 220 × 14 × 26, அதாவது 80,080. வரவு 2,080 கூடியிருக்கிறது! லாபம் 8,000 குறைந்திருக்கிறது. அப்படியென்றால் செலவு 10,080 ஏறியிருக்க வேண்டும். வியாபாரம் படுக்கவில்லை, பணம் வேறு வழியில் வெளியே போகிறது.

எந்த வழி? மறுபடி கேளுங்கள். அந்த 220 பேரில் 160 பேர்தான் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 60 பேர் கைப்பேசிச் செயலி மூலம் வாங்குகிறார்கள். செயலிக்கு 30 விழுக்காடு கமிஷன். செயலி வழி வரவு 60 × 14 × 26 = 21,840. அதில் 30 விழுக்காடு 6,552. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500-இலிருந்து 1,700 ஆனது நமக்குத் தெரியும். கடையில் அந்தச் சம்பளத்தில் எட்டுப் பேர் என்றால் 1,600 கூடுதல். மிச்சம் 1,928 காய்கறி, எண்ணெய் விலையேற்றம். மூன்றையும் கூட்டுங்கள், 10,080 வந்துவிடும்.

இதுவரை முதல் சுற்று. இப்போதுதான் பார்ட்னர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வார் (நடப்பது ஆங்கிலத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்): "எனக்கென்னவோ இந்த டெலிவரியை நாளைக்கே நிறுத்திடணும்னு தோணுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஆமாம் சார், நிறுத்திடலாம்" என்று உடனே ஒத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவில்லாமல் இல்லை. எதிரே நரைத்த தலை, கழுத்தில் டை. வாய் தானாகவே ஆமாம் என்கிறது. வேறு சிலர், எதிர்த்துப் பேசினால்தான் மதிப்பு என்று யாரோ சொல்லிக் கேட்டு, "இல்லை, அது தப்பு" என்று முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இதுவும் வேலைக்கு ஆகாது.

நான் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது இப்படி: "நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஒரு நிமிடம் கொடுங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்." அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம். பிறகு சத்தமாகப் போடுங்கள். டெலிவரி வரவு 21,840. சமையல் பொருள் செலவு 40 விழுக்காடு என்றால் 8,736. கமிஷன் 6,552. இரண்டையும் கழித்தால் கடைக்கு 6,552 மிஞ்சுகிறது. (கமிஷனும் மிச்சமும் ஒரே எண்ணாக வந்ததைப் பார்த்துக் குழம்பாதீங்க. நூறில் நாற்பதும் முப்பதும் போனால் மிச்சமும் முப்பதுதானே.) டெலிவரியை நிறுத்தி, அந்த 60 பேரில் ஒருவரும் கடைக்கு வராவிட்டால், இன்றைய லாபம் 4,000 போய் 2,552 ரிங்கிட் நட்டம்.

ஆனால் அதோடு விடாதீர்கள். போன வருடம் 200 பேர் கடையில் சாப்பிட்டார்கள், இன்று 160. அந்த 40 பேர்தான் வீட்டிலிருந்து செயலியில் வாங்குகிறார்களோ? டெலிவரியில் தலைக்கு 4 ரிங்கிட் 20 காசு மிஞ்சுகிறது. கமிஷன் இல்லாததால் கடைக்கு வந்தால் 8 ரிங்கிட் 40 காசு. ஆக, 60 பேரில் 30 பேர் திரும்பி வந்தாலே கணக்குச் சமம். 40 பேர் வந்தால் மாதம் 2,184 ரிங்கிட் லாபம் கூடும். பார்ட்னர் சொன்னதே சரியாகிவிடும்! "ஆகவே நிறுத்துவதா வேண்டாமா என்பது ஒரே ஓர் எண்ணில் நிற்கிறது. ஒரு வாரம் டெலிவரிப் பொட்டலங்களில் ஒரு சீட்டு வைத்து, கடைக்கு நேரில் வந்தால் தள்ளுபடி என்று போட்டுப் பார்க்கலாம். முப்பது பேருக்கு மேல் வருவார்கள் என்று தெரிந்தால் நிறுத்தலாம்."

கவனித்தீர்களா, பெரியவர் சொன்னதை நீங்கள் தூக்கி எறியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை. அவர் சொன்னது எந்த நிலையில் சரி, எந்த நிலையில் தப்பு என்று பிரித்துக் காட்டிவிட்டீர்கள். கிளையண்ட் முன்னால் உட்கார வைக்க அவர்கள் தேடும் ஆள் இவர்தான்.

இதற்குமேல் அவர் ஒரு புதுத் தகவல் தந்து உங்கள் முடிவு மாறினால், மாறிவிட்டது என்று சொல்லுங்கள். தகவல் எதுவும் தராமல் முகத்தை மட்டும் சுளித்தால், முடிவு மாற வேண்டிய அவசியம் இல்லை.

முடிவை முதலில்

கடைசியில் பார்ட்னர் கேட்பார்: "சரி, முதலாளி இப்போ லிஃப்ட்ல ஏறிட்டார். என்ன சொல்வீங்க?" நமக்குக் கதையை ஆதியிலிருந்து சொல்லித்தான் பழக்கம். அங்கே முடிவு முதலில் வர வேண்டும், காரணம் பிறகு. அறுபதுகளில் மெக்கின்சியில் சேர்ந்த பார்பரா மின்டோ என்ற பெண்மணி இந்த முறையை ஒழுங்குபடுத்தி 'பிரமிட் பிரின்சிபிள்' என்ற புத்தகமாகவே எழுதினார். இத்துறையில் இன்றும் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். "விளம்பரத்துக்குக் காசு போடாதீங்க. ஆள் குறையல, கமிஷன்தான் லாபத்தைத் தின்னுது. ஒரு வாரச் சோதனை செஞ்சிட்டு டெலிவரியைப் பற்றி முடிவு எடுக்கலாம்." மூன்று வரி, போதும்.

இதற்கு நான் சொல்லும் பயிற்சி கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். கேஸை முடித்ததும் அம்மாவிடம் போய்த் தமிழில் சொல்லுங்கள். அம்மா "அதுக்கு ஏன் அப்படி?" என்று கேட்டால், அந்த இடத்தில் உங்கள் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் சிலர் ஆங்கில உச்சரிப்பை நினைத்துப் பயப்படுகிறார்கள். தெளிவில்லாத யோசனையை எந்த உச்சரிப்பும் காப்பாற்றாது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

"நாங்க" எங்கே, "நான்" எங்கே

கேஸுக்கு முன்னாலோ பின்னாலோ உங்கள் அனுபவத்தைக் கேட்பார்கள். மெக்கின்சியில் இதற்கென்றே நேரம் ஒதுக்குவார்கள். ஒருவரைச் சம்மதிக்க வைத்த அனுபவம், குழுவை நடத்திய அனுபவம் என்று ஒரே நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு மேலும் குடைவார்கள்.

நான் பயிற்சி கொடுத்த ஒரு தங்கை தைப்பூசத்தில் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் நடத்தியதைச் சொன்னார். "நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சோம், நல்லபடியா முடிஞ்சது." அவ்வளவுதான் கதை. அடக்கமான பிள்ளை. கேட்பவருக்கோ அதில் அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. நான் தோண்டத் தோண்டத்தான் விஷயம் வந்தது. முந்தைய ஆண்டு எந்த நேரத்தில் எத்தனை பெட்டிக் குவளை தீர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கூட்டம் இரவில்தான் அதிகம், தொண்டர்களோ காலையில்தான் அதிகம். பாதிப் பேரை இரவுக்கு மாற்றலாம் என்றால், பல வருடமாகப் பந்தலை நடத்தும் மாமா, "எப்பவும் இப்படித்தான் செய்யறோம்" என்று மறுத்துவிட்டார். இந்தத் தங்கை கூட்டத்தில் வைத்து அவரோடு வாதாடவில்லை. தனியாகப் போய் நோட்டைக் காட்டி, "மாமா, ஒரு ராத்திரி மட்டும் இப்படிப் பார்ப்போம். சரிவரலன்னா அடுத்த நாள் உங்க முறைப்படியே செய்வோம்" என்று கேட்டிருக்கிறார். மாமா ஒத்துக்கொண்டார்.

இதைவிட நல்ல பதில் எந்தப் பயிற்சிப் புத்தகத்தில் கிடைக்கும்? இருந்தும் "நான் செஞ்சேன்" என்று சொல்ல அவருக்குக் கூச்சம், பெருமையடிப்பது போல இருக்கிறதாம். நான் சொன்னேன்: மற்றவர்கள் செய்ததை "அவங்க செஞ்சாங்க" என்று சொல்லும்மா, நீ செய்ததை "நான் செஞ்சேன்" என்று சொல். இரண்டும் உண்மை. இப்படி மூன்று நிகழ்ச்சிகளையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் மறுத்தார்கள், நீங்கள் என்ன வார்த்தை சொன்னீர்கள், பிறகு என்ன ஆனது என்பது வரை நினைவில் இருக்க வேண்டும். இல்லாததைச் சேர்க்காதீர்கள். மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கடைசி மூன்று நாள்

புதுக் கேஸ் எதுவும் எடுக்காதீர்கள். ஏற்கெனவே போட்டதில் நாலை எடுத்து, ஒரு நண்பரை அல்லது மாமாவை எதிரே உட்கார வைத்து, "எனக்கு ஒத்துவரல" என்று ஒவ்வொரு முடிவுக்கும் சொல்லச் சொல்லுங்கள். நல்ல மாமாவாகப் பிடித்தால் நடிக்கவே தேவையிருக்காது. தினம் இருபது நிமிடம் விழுக்காடும் பெருக்கலும் போடுங்கள். மலேசியாவில் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேர், வீட்டுக்கு 4 பேர் என்றால் 85 லட்சம் வீடுகள் என்பது போன்ற அடிப்படை எண்கள் நாக்கில் இருக்கட்டும்.

இன்னொன்று, சிறு விஷயம்தான். இந்த அலுவலகங்களில் பார்ட்னரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்கு நாக்கு கூசும். முதலில் ஒருமுறை "சார்", "மேடம்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள். வாக்கியத்துக்கு ஒரு "சார்" போட்டால், உங்களை நீங்களே ஒரு படி கீழே இறக்கி வைத்துக்கொண்டுதான் பேசுவீர்கள்.

முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார். இணையத்தில் கிடைக்கும் விவரத்தை அவரிடம் கேட்காதீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் குழுவில் இருந்த ஓர் இளையவர் உங்கள் முடிவை மாற்ற வைத்தது உண்டா? எப்படிச் சொன்னார்?" கேட்டுவிட்டுப் பேசாமல் கவனியுங்கள். அவர் சொல்லும் பதிலில், அங்கே வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று நீங்களும் முடிவு செய்துகொள்ளலாம்.