எந்த மனசுக்கு எந்தப் புத்தகம்?

"டாக்டர், இதுல எதை முதல்ல படிக்கட்டும்?" என்று கேட்டபடி மூன்று புத்தகங்களை என் மேஜையில் அடுக்கினார் அந்த அம்மா. ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. கணவர் சாலை விபத்தில் இறந்து ஐந்து மாதமாகிறது. தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வந்தவர். புத்தகங்கள் மகள் வாங்கி அனுப்பியவை.

பதில் சொல்லும் முன் என் தப்பு ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பல வருடங்களுக்கு முன், மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்த ஒரு தகப்பனாருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று, விக்டர் ஃபிராங்கல் எழுதிய 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்' புத்தகத்தைக் கொடுத்தேன். நாஜி வதை முகாம்களிலிருந்து உயிரோடு மீண்ட வியன்னா மனநல மருத்துவர் அவர். ஒன்பதே நாளில் எழுதி முடித்து, 1946-ல் ஜெர்மன் மொழியில் வெளியான நூல். தமிழிலும் கிடைக்கிறது. அருமையான புத்தகம்தான். ஆனால் பத்தாம் நாளே திருப்பிக் கொண்டு வந்துவிட்டார். "அந்த மனுஷன் அத்தனையும் தாங்கிட்டாரு. எனக்கு வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே தாங்க முடியலையே டாக்டர்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஒரே சூரணத்தை ஒருவருக்குத் தேனிலும் இன்னொருவருக்கு நெய்யிலும் குழைத்துக் கொடுக்கிறவன் நான். அன்றைக்கு மருந்தைப் பார்த்தேனே தவிர, ஆளைப் பார்க்கவில்லை.

கடையில் இந்த வகைப் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று, 'விழுந்தாலும் எழலாம்' என்று தைரியம் சொல்பவை. ஃபிராங்கல் அந்த வகை. 2015-ல் கணவரை இழந்த ஷெரில் சாண்ட்பெர்க், ஆடம் கிரான்ட்டோடு சேர்ந்து எழுதிய 'ஆப்ஷன் பி' (2017) புத்தகமும் அப்படித்தான். இன்னொன்று, மனக்காயம் எப்படி உண்டாகிறது, உள்ளே என்ன செய்கிறது என்று விளக்குபவை. ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதியது இதில் முக்கியமானது. பெசல் வான் டெர் கோல்க் எழுதிய 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' (2014) உலகமெங்கும் விற்றுத் தீர்ந்தது.

இந்தக் கடைசிப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனசில் பட்ட அடி படபடப்பாக, வயிற்றுக் கோளாறாக, தசை இறுக்கமாக உடம்பில் பேசும் என்கிறார். நாடி பிடிக்கிற எனக்கு இது புதிதில்லை. படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய நினைவுகள் பற்றி அவர் சொல்லும் சில விஷயங்களில் ஆராய்ச்சியாளர்களிடையே சண்டை இருக்கிறது. போர், பலாத்காரம், குழந்தைகளுக்கு நடந்த கொடுமை எல்லாம் விவரமாகவே வரும். காயம் ஆறாதவர் ராத்திரி தனியாக உட்கார்ந்து படித்தால், ஆறுவதற்குப் பதில் கீறிவிடும். வீட்டில் அடிபட்டவரைப் புரிந்துகொள்ள நினைக்கும் கணவனோ மகளோ படிக்கலாம். அவர்களுக்கு அது உதவும்.

சாதாரண துக்கத்துக்கு? அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் பொனானோவின் 'தி அதர் சைட் ஆஃப் சாட்னஸ்' (2009) படிக்கலாம். துக்கத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை இல்லாமலே மெல்ல மெல்ல நிமிர்ந்துவிடுகிறார்கள் என்று ஆராய்ந்து சொன்னவர். 'இந்த ஐந்து படிகளையும் வரிசையாக ஏறியே தீரணும்' என்று மிரட்டும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த ஐந்து நிலைகளை எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது, சாகப் போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. அழுகிறவர்களுக்கு அது டைம்டேபிள் இல்லை.

வாங்கும்போது பின்னட்டைப் புகழுரையைப் படிக்காதீர்கள். நடுவில் இரண்டு பக்கம் புரட்டுங்கள். படித்ததும் மூச்சு இலேசானால் வாங்கலாம். நெஞ்சு படபடத்தாலோ, 'நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லை' என்று தோன்றினாலோ இப்போது வேண்டாம். பகலில், தினம் பத்துப் பக்கம் போதும். 'இந்த ஒரே பயிற்சியில் எல்லாம் சரியாகும்' என்று எழுதியிருந்தால், அது சர்வரோக நிவாரணி விற்கிறவன் பேச்சு. எங்கள் துறையில் அப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்!

அந்த அம்மாவிடம் புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ராத்திரி என்ன நடக்கிறது என்று கேட்டேன். "லாரி ஹார்ன் கேட்டா உடம்பு வெடவெடன்னு ஆடுது டாக்டர். அந்த ரோடு பக்கமே போறதில்லை. கண்ணை மூடினா அதே காட்சிதான்." ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நீடித்து, அன்றாட வேலையும் கெட்டால் அது வெறும் துக்கமில்லை. புத்தகமும் போதாது, என் சூரணமும் போதாது. மனநல மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினேன். இதற்கென்றே முறைப்படியான பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. போக வழி தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். உயிரை விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தால்கூட, அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

மூன்று புத்தகங்களையும் என்னிடமே விட்டுப் போனார். நாலு மாதம் கழித்து வந்தவர், ஃபிராங்கலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டும் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.