ஒன்பது பேரில் ஆறு பேர்

எங்கள் பிள்ளைகளுக்குக் கயத்தாறு பக்கத்து ஊர். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நீதித்துறைப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவன் கேட்டான்: "தூக்குல போடணும்னு யார் சார் முடிவு பண்ணுனது?" விசாரித்தவரும் மேஜர் பானர்மேன், தண்டனை சொன்னவரும் அவரே என்றேன். "ஒருத்தரேவா? நாலு பேரைக் கேக்க வேண்டாமா?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஜூரி முறைக்குப் போனேன். உதாரணத்துக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கை எடுத்தேன். தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன் பெயர்களைச் சொன்னால் வீட்டில் தாத்தா பாட்டியும் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள். 1945-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளிகள் என்றனர், மூவர் இல்லை என்றனர். அன்றைய சட்டப்படி ஆறு பேராவது ஒத்துப்போக வேண்டும், நீதிபதியும் உடன்பட வேண்டும். ஒருவர் மாறியிருந்தாலும் தீர்ப்பு நின்றிருக்காது. மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டு அது. நீதிபதி ஆயுள் தண்டனை விதித்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போனது. மேல்முறையீடு மறுபடி விசாரிக்கப்பட்டு 1947-இல் இருவரும் விடுதலையானபோது, சிறையில் இரண்டு ஆண்டுக்கு மேல் கழிந்திருந்தது.

பிறகு ஒன்பது பிள்ளைகளை ஜூரியாக உட்கார வைத்தேன். கற்பனை வழக்குதான்: தீப்பெட்டி ஆபீசில் தீ, இருவர் பலி. சம்பளத் தகராறில் இருந்த காவலாளி வேண்டுமென்றே வைத்தாரா? கையைத் தூக்கச் சொன்னேன். அது என் தவறு. வகுப்புத் தலைவன் கை முதலில் எழுந்தது. அவனைப் பார்த்து இன்னும் ஏழு கைகள். மறுநாள் பேசுவதற்கு முன்பே துண்டுச்சீட்டில் எழுதி வாங்கினேன். ஐந்துக்கு நான்கு! அதே பிள்ளைகள், அதே சாட்சிகள். சீட்டை எண்ணிய பிறகுதான் பேச்சே சூடு பிடித்தது. "பீடி பிடிச்சதைப் பார்த்தாங்க, தீ வெச்சதை யாரும் பார்க்கலையே" என்றாள், முதல்நாள் எட்டுக் கைகளில் ஒன்றைத் தூக்கியவள்.

இன்று நம் நாட்டில் கொலை வழக்குகளுக்கு ஜூரி இல்லை. முடிவு நீதிபதியுடையது. 1955-க்கு முன், கொலைக்குத் தூக்கு விதிக்காவிட்டால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். இப்போது தலைகீழ்: தூக்கு விதித்தால்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அதன்பிறகும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். அமெரிக்காவிலோ, மரண தண்டனை உள்ள பெரும்பாலான மாநிலங்களில் உயிரா, சிறையா என்பதிலும் ஜூரியின் வாக்கு உண்டு.

இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். டி.வி. செய்தி பார்த்துவிட்டு "உடனே தூக்குல போடணும் சார்" என்று அடிக்கடி சொல்பவன். "அங்க சீட்டுல எழுதுவாங்களா, கையைத் தூக்குவாங்களா சார்?" என்று கேட்டான்.