விடுதிக் கணக்கும் மென்பொருட் சோதனையும்



சென்ற தை மாதத்தில் நம்முள் பதினொருவருக்கு மெஸ் கட்டணத்தில் சேர வேண்டிய கழிவுத் தொகை சேராமற் போயிற்று. அலுவலகத்தாரை நொந்தவர் பலர். உண்மையில் பிழை செய்தவன் நான். அந்தக் கணக்கைப் போட்ட மென்பொருளை எழுதிய நால்வருள் நானும் ஒருவன். தேதிக் கணக்கு என் பங்கு. நிகழ்ந்ததை மறைக்காமல் எழுதினால், மென்பொருள் எழுதக் கற்கும் இளையோர்க்குப் பயன்படும் என்று நம் இதழாசிரியர் வற்புறுத்தினார். அதனால் எழுதுகிறேன்.

விதி நீங்கள் அறிந்ததே. தொடர்ந்து நான்கு நாளோ அதற்கு மேலோ விடுதியில் உண்ணாதவருக்கு நாளொன்றுக்கு 110 ரூபாய் கழிக்கப்படும். மூன்று நாளானால் ஒன்றும் இல்லை. ஊர்வரை போய்வரப் பொழுதில்லாத நண்பர்கள் பதினொருவர், பொங்கலுக்கு அருகிலுள்ள நகரங்களில் வாழும் உறவினர் வீடுகளுக்குச் சென்றனர். சனவரி 13 முதல் 16 வரை விடுப்பு எழுதிக் கொடுத்தனர். விரல்விட்டு எண்ணுங்கள்: 13, 14, 15, 16. நான்கு நாள். என் நிரலோ 16-இலிருந்து 13-ஐக் கழித்து மூன்று என்றது. மூன்று நாளுக்குக் கழிவு இல்லை அல்லவா? ஆளுக்கு 440 ரூபாய், ஆகமொத்தம் 4,840 ரூபாய் போயிற்று.

சோதிக்காமலா கொடுத்தாய் என்று கேட்பீர்கள். சோதித்தேன்! அதுதான் வெட்கம். 1 முதல் 10 வரை என்று தேதி கொடுத்தேன். திரையில் ஒன்பது நாளுக்குரிய தொகை வந்தது. ஏதோ ஒரு தொகை வந்ததே என்று மகிழ்ந்து அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். வரவேண்டியது எவ்வளவு என்று முன்னரே தாளில் எழுதி வைத்திருந்தால் அந்நொடியே பிழை பிடிபட்டிருக்கும். க்ளென்ஃபோர்டு மையர்ஸ் 1979-இல் வெளியிட்ட மென்பொருட் சோதனை பற்றிய நூலில் முதற்கண் வலியுறுத்துவது இதையே. எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டி வரையறுக்காத சோதனை, சோதனையே ஆகாது. விடை தெரியாமல் பார்ப்பவன் கண்ணுக்கு, வந்ததெல்லாம் சரியாகவே தோன்றும்.

அந்நூலின் தொடக்கத்தில் ஒரு சிறு கணக்கு வருகிறது. மூன்று முழு எண்களை முக்கோணத்தின் பக்கங்களாகக் கொடுத்தால், அது சமபக்கமா, இருசமபக்கமா, பக்கங்கள் சமமற்றதா என்று சொல்லும் நிரல் ஒன்று. இதைச் சோதிக்க எந்தெந்த எண்களைக் கொடுப்பீர் என்று கேட்டு, 14 வினாக்களால் மதிப்பெண் இடுகிறார். தேர்ந்த நிரலர்களே சராசரியாக 7.8 தான் பெற்றனர் என்கிறார். 1, 2, 3 என்று கொடுத்துப் பார்க்க எத்தனை பேருக்குத் தோன்றும்? ஒன்றும் இரண்டும் கூடினால் மூன்று. அங்கே முக்கோணமே இல்லை, வெறுங்கோடுதான். சரியாக அந்த எல்லையில்தான் பிழை குடியிருக்கும். என் கணக்கிலும் எல்லை நான்கு. மூன்று, நான்கு, ஐந்து நாள் என்ற மூன்று சோதனைகளை எழுதியிருந்தால் போதும். பத்து நாளைப் பத்து முறை சோதித்தாலும் அந்தப் பயன் வராது.

நம்மைப் போன்ற மாணாக்கர் மட்டுமா இடறுகின்றனர்? 1996 சூன் 4 அன்று புறப்பட்ட ஏரியன் 5 ஏவூர்தி நாற்பது விநாடிக்குள் வெடித்துச் சிதறியது. ஏரியன் 4-இல் குறையின்றி ஓடிய நிரற்பகுதியை அப்படியே எடுத்து அதில் வைத்திருந்தனர். புதிய ஏவூர்தியின் கிடைத்திசை வேகம் மிகுதி. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்க முயன்றபோது, 32,767-க்கு மேற்பட்ட மதிப்பு அங்கே கொள்ளவில்லை. துணைக்கு வைத்த இரண்டாவது கணிப்பொறியிலும் அதே நிரல். ஆதலால் அதுவும் அதே காரணத்தால் நின்றுபோயிற்று. புதிய பாதையின் எண்களைக் கொண்டு அப்பகுதியைத் தரையிலேயே சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். பழைய இடத்தில் தேறியது புதிய இடத்திலும் தேறும் என்று எண்ணுவதை, மேல்வகுப்பு அண்ணன்மாரின் நிரலைப் படியெடுக்கும் நம் வழக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிற்க. வகுப்பு வரைபடத்தில் நாங்கள் செய்த தவறு இன்னும் சுவையானது.

கிளாஸ் டயகிராம் என்று பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். ஒரு கட்டம், அதில் மூன்று அறைகள். மேலே வகுப்பின் பெயர், நடுவில் அதன் பண்புகள், கீழே அது செய்யும் செயல்கள். கட்டங்களுக்கிடையே கோடுகள். பூச், ரம்பா, யாக்கப்சன் மூவரும் தத்தம் முறைகளை ஒன்றாக்கி உருவாக்கிய யூ.எம்.எல். குறியீட்டை 1997-இல் ஓ.எம்.ஜி. என்னும் அமைப்பு ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து உலகெங்கும் ஒரே வகைக் கோடுகள். நாங்கள் ‘மாணவர்’ என்று ஒரு வகுப்பு வரைந்தோம். சைவ உணவுக்கு ஒரு விலை, அசைவத்துக்கு ஒரு விலை. ஆகவே ‘சைவ மாணவர்’, ‘அசைவ மாணவர்’ என்று இரண்டு பிள்ளை வகுப்புகளை அதன் கீழே தொங்கவிட்டு, வெற்று முக்கோண அம்புகளையும் போட்டோம். படம் அழகாக இருந்தது. பேராசிரியரும் பாராட்டினார்.

புரட்டாசி பிறந்தது. மதுரைத் தோழர் ஒருவர் ஒரு மாதம் புலால் உண்பதில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது என் செய்வது? அசைவ மாணவராய்ப் பிறந்த பொருள், நடுவழியில் சைவ மாணவராக மாற முடியாது. பழையதை அழித்துப் புதியதைப் படைத்தோம். அதனோடு கட்டியிருந்த விடுப்புப் பதிவுகளும் சேர்ந்து அழிந்தன! ஐப்பசி பிறந்ததும் மீண்டும் அதே சங்கடம். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது: சைவம் என்பது அவர் என்ன ஆள் என்பது அன்று, சில நாள் அவர் எதைத் தெரிந்துகொண்டார் என்பதே. ‘உணவுத் தெரிவு’ என்று தனி வகுப்பு ஒன்று வரைந்து, தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் அதற்குள் வைத்தோம். மாணவர் பக்கம் 1, தெரிவின் பக்கம் விண்மீன் குறி. அதாவது ஒருவருக்குப் பல தெரிவுகள். பிள்ளை வகுப்புகள் இரண்டும் ஒழிந்தன. காலத்தால் மாறுவதைப் பிறப்பாக வரையாதீர்கள்.

திட்டமிடுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும்; ஏனெனில் என் தேதிப் பிழைக்கு வேர் அங்கேதான். பதினான்கு வாரப் பருவத்தில் தேவை அறிய நான்கு, வரைய நான்கு, எழுத நான்கு, சோதிக்க இறுதி இரண்டு என்று பங்கிட்டோம். எழுதும் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. பதினோராம் வாரத்தில் இரு நண்பர்களைத் துணைக்கு அழைத்தோம். அவர்களுக்குக் கற்பிப்பதிலேயே ஒரு வாரம் கழிந்தது. (பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் பிந்தும் என்று பிரெடெரிக் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், நாங்கள் பிறகுதான் படித்தோம்.) சோதனைக்கு எஞ்சியது தேர்வுக்கு முந்திய ஓர் இரவு.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கு இசைவதை உயர்வாகக் கொள்கிறது. பொங்கற் பிழைக்குப் பின் அவ்வழியில் இறங்கினோம். இரண்டு வாரம் ஒரு சுற்று. அதைத்தான் ஸ்பிரிண்ட் என்கிறார்கள். பயனர்க்கு வேண்டிய ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, அதன் கடினத்துக்குப் புள்ளி இட்டோம். முதற்சுற்றில் 34 புள்ளி எடுத்தோம், முடித்தது 13. அடுத்த சுற்றில் வீம்பு பேசாமல் 13-க்கே அட்டை எடுத்தோம். இடைத்தேர்வு வந்த சுற்றில் ஆறு. எது முடிந்தது என்பதிலும் சண்டை வந்தது. “முடிஞ்ச மாதிரிதான் அண்ணா” என்பார் இளையவர் ஒருவர். அந்த ‘மாதிரி’ யை ஒழிக்க ஒரு விதி செய்தோம். சோதனைகள் தேறி, எழுதாத ஒருவர் நிரலைப் படித்துப் பார்த்த பின்னரே அட்டை இடம் மாறும்.

ஓர் அட்டை மட்டும் இன்னும் சுவரில் நிற்கிறது. செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 3 வரை ஒருவர் விடுப்பு. மாதந்தோறும் பிரித்தால் மூன்றும் மூன்றும். இரண்டு மாதமும் கழிவு கிட்டாது. சேர்த்து எண்ணினால் ஆறு நாள். விதியில் தெளிவில்லை. மெஸ் செயலரைக் கேட்டோம். நெடுநேரம் யோசித்து, சேர்த்து எண்ணி மாதவாரியாகப் பங்கிடுங்கள் என்றார். மாதம் 330 ரூபாய் என்று விடையை முன்னரே எழுதி, சோதனையையும் எழுதிவிட்டோம். அது இன்னும் சிவப்பில் நிற்கிறது, நிரல் இனித்தான்.

பொங்கற் கழிவு, பதினொருவருக்கும் மாசி மாதக் கணக்கில் சேர்ந்துவிட்டது. வேறு எவருக்கேனும் விட்டுப்போயிருந்தால், விடுப்புத் தேதிகளை ஒரு தாளில் எழுதி என் அறைக் கதவில் செருகிவிடுங்கள். முதலில் அதைக் கொண்டு ஒரு சோதனை எழுதிக்கொள்கிறேன், பிறகு பணம்.