பிளாக்ஜாக்: அடுத்தவர் கையை வாங்கும்போது

லாஸ் வேகாஸின் பிளாக்ஜாக் மேசைகளில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு எட்டுகள். டீலர் முன்னால் 6. இரண்டு கைகளாகப் பிரித்து ஆட வேண்டிய சீட்டுகள்தான். ஆனால் இன்னொரு 25 டாலர் போட அவருக்கு மனமில்லை. அந்த இரண்டாவது கைக்கு நீங்கள் பணம் போடலாம்.

அதற்கு முன், அங்கே அனுமதி உண்டா என்று டீலரிடம் கேளுங்கள். கேசினோவுக்குக் கேசினோ விதி மாறும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் ஒரே ஒரு தடவை கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். சிப்பை அவர் கையில் திணிக்காமல் மேசையில் வையுங்கள். சீட்டைத் தொடாதீர்கள். எட்டின் மேல் 3 விழுந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்கத் தோன்றும். அந்தக் கூடுதல் பணத்தை யார் போடுவது என்பதை முன்பே பேசிவிடுங்கள்; மேசையே காத்திருக்கும்போது பேரம் பேசக் கூடாது.

இரண்டு பத்துகள் வைத்திருப்பவரிடம் மட்டும் போய்ப் பிரிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். டீலரிடம் 6 இருந்தால் ஒற்றைப் பத்து உங்களுக்கு நல்ல தொடக்கம். அவருக்கோ கையில் இருந்த 20 போய்விடும். உதவி என்ற பெயரில் அவர் லாபத்தைப் பிடுங்குவதுதான் இது. மறுபக்கம், டீலர் 10 காட்டும்போது எட்டை வாங்கினால் நட்டக் கணக்கு உங்களுக்கு.

ஜெயித்த பணம் பெரும்பாலும் கையின் சொந்தக்காரர் இடத்துக்குத்தான் வரும். அவராக எடுத்துத் தரும்வரை கை நீட்டாதீர்கள். தோற்றால் அவர் ஆடிய விதத்தைக் குறை சொல்லாதீர்கள்.